நான்கு ஜிகாபைட்டில் அடங்காத கலியாணம்

மூன்றரை மணி நேரக் கலியாண வீடியோ ஒன்று பென்ட்ரைவில் ஏறவில்லை என்று திருகோணமலையில் இந்தத் தொழிலில் இருக்கும் யாரிடம் சொன்னாலும், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: பிட்ரேட்டை (ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவை) குறைத்து மறுபடி ரெண்டர் செய்து, அதாவது தொகுத்த படத்தைப் புதிய கோப்பாக எழுதி, கொடுத்துவிடு. கணக்குப்படி அது சரியான பதில். கோப்பின் அளவு என்பது பிட்ரேட்டை நேரத்தால் பெருக்கி வருவது. நேரத்தைக் குறைக்க முடியாது என்றால் பிட்ரேட்டைத்தான் குறைக்க வேண்டும். நானும் அந்தப் பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மறுக்கத் தெளிவான காரணம் ஒன்றும் இல்லாமலே அதை ஏற்க மனம் வராமல் இருந்திருக்கிறேன். உவர்மலையில் ஒரு வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, வேறொருவர் குறைத்துக் கொடுத்திருந்த பிரதியைப் பெண்ணின் தகப்பனாருடன் சேர்ந்து பார்த்த அன்றுதான் அந்தக் காரணம் எனக்குப் பிடிபட்டது.

அந்தக் குடும்பத்தின் வேலையை முதலில் செய்த ஸ்டூடியோவில் இருந்த இளைஞர் திறமையற்றவர் அல்லர். நல்ல கையுள்ள தொகுப்பாளர். வண்ணச் சீரமைப்பு, வெட்டுகள், பாட்டின் தாளத்துக்குப் படம் விழும் இடங்கள் எல்லாமே நன்றாக இருந்தன. ஆனால் ரெண்டர் செய்த கோப்பைப் பென்ட்ரைவில் போடும்போது, 32 ஜிபி கொள்ளளவில் ஏறக்குறைய முழுவதும் காலியாக இருந்தும், கோப்பு பெரிது என்று கணினி மறுத்திருக்கிறது. பென்ட்ரைவைப் பெரிய கோப்புகளை ஏற்கும் எக்ஸ்ஃபாட் என்ற சேமிப்பு முறையில் ஃபார்மட் செய்து கொடுத்துப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டுத் தொலைக்காட்சி அதைச் செருகினால் உள்ளே எதுவும் இல்லை என்று காட்டியிருக்கிறது. அது, ஒரு கோப்பை நான்கு ஜிகாபைட்டுக்கு மேல் போக விடாத ஃபாட்32 என்ற முறையை மட்டுமே படிக்கும் பழைய தொலைக்காட்சி. பிறகு அவர் எல்லோரும் செய்வதைச் செய்தார்: மொத்தக் கலியாணத்தையும் நான்கு ஜிகாபைட்டுக்குள் நெருக்கிக் கொடுத்துவிட்டார். சில மாதங்களின் பின்னர், மூலக் காட்சிகள் அடங்கிய வன்தட்டுடன் அந்தக் குடும்பம் என்னிடம் வந்தது.

வீட்டுக்குப் போய் அந்தப் பிரதியைப் போட்டுப் பார்த்தோம். மணவறையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும் நீண்ட காட்சிகளில் ஒரு குறையும் இல்லை. முக்காலியில் நிறுத்திய கேமரா, அசையாத பின்னணி, நல்ல வெளிச்சம். படம் கண்ணாடி போல் இருந்தது. கெட்டிமேளம் கேட்டது. அந்தக் கணத்தில் படம் குலைந்தது. தகப்பனார் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினார். "தம்பி, எல்லாம் வடிவா இருக்கு. ஆனா தாலி கட்டுற இடத்தில மட்டும் என்னத்துக்குப் பிள்ளையின்ர முகம் கட்டம் கட்டமாப் போகுது?" என்று கேட்டார்.

தாலி கட்டும் அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று பூவும் அரிசியும் வீசுகிறது. ஹோமப் புகை நடுவில் எழும்பி நிற்கிறது. ஐந்தாறு புகைப்படக் கருவிகளின் ஃபிளாஷ் மாறி மாறி வெட்டுகிறது. பின்னால் நிற்பவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி முண்டியடிக்கிறார்கள். வீடியோவைச் சுருக்கி எழுதும் எச்.264 போன்ற கோடெக்குகள் இடத்தைச் சேமிப்பதே, ஒரு ஃப்ரேமில் இருப்பது அடுத்த ஃப்ரேமிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான். மாறிய பகுதியை மட்டும் எழுதி, மாறாததை முன்னைய ஃப்ரேமிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பறக்கும் ஒவ்வோர் அரிசியும், சுருளும் புகையும், ஒரு ஃப்ரேமை மட்டும் வெளிறச் செய்துவிட்டு மறையும் ஃபிளாஷும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகின்றன. ஆக, ஒரு குடும்பம் எந்தக் கணத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்குமோ, அந்தக் கணத்துக்குத்தான் மிக அதிகமான பிட்டுகள் தேவைப்படுகின்றன. ஆலாத்தி, அறுகரிசி, சாமத்தியச் சடங்கில் பூத் தூவுதல், கோயிலில் கற்பூர தீபம் என்று எங்கள் சடங்குகளின் உச்சங்கள் எல்லாம் நெருப்பும் புகையும் தூவலும் சேர்ந்தவை. கோடெக் ஒன்றைத் திணறடிக்க வேண்டுமென்றே யாரோ வகுத்துவைத்தது போல் அவை அமைந்திருக்கின்றன.

இரண்டு முறை ஓட்டிக் குறியாக்கம் செய்யும் வசதி இதற்காகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். முதல் ஓட்டத்தில் எந்த இடம் கடினம் என்று அளந்து, இரண்டாம் ஓட்டத்தில் இலகுவான இடத்திலிருந்து மிச்சம் பிடித்துக் கடினமான இடத்துக்குக் கொடுப்பது அதன் வேலை. அதை நான் எப்போதும் பயன்படுத்துகிறேன். ஆனால் மிச்சம் பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும். மூன்றரை மணி நேரம் என்பது 12,600 நொடிகள். நான்கு ஜிகாபைட் வரம்பை அதால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 2.7 மெகாபிட் வருகிறது. ஒலிக்கு உரியதைக் கழித்தால் 2.5. முழு எச்டி படத்தை யூடியூப்பில் ஏற்ற, சாதாரண ஃப்ரேம் வேகத்துக்கு அந்த நிறுவனம் பரிந்துரைப்பது 8 மெகாபிட். 2.5 மெகாபிட் சராசரியில் மந்திரம் ஓதும் காட்சிகளைக்கூட அரைப்பட்டினியில் போட்டுத்தான் தாலி கட்டுக்கு ஏதாவது கொடுக்க முடியும், கொடுப்பதும் போதாது.

இந்த எண்ணின் பூர்வீகம்

நான்கு ஜிகாபைட் வரம்பு வீடியோவுக்காக யாரும் போட்டதல்ல. ஃபாட்32 முறையில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் எழுதிவைக்க 32 பிட் இடம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் எழுத இடமில்லை. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்பொன்றுடன் இது வெளிவந்தபோது முழு வன்தட்டே சில ஜிகாபைட்டுகள்தான் இருந்ததால், ஒரு தனிக் கோப்பு அவ்வளவு பெரிதாகும் என்பதற்காக எவரும் கவலைப்பட்டிருக்க நியாயமில்லை. 2006இல் வந்த எக்ஸ்ஃபாட் இந்த வரம்பை நடைமுறையில் இல்லாமல் செய்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஊர் வரவேற்பறைகளில் அதற்கு முந்திய உலகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 32 ஜிபி வரையுள்ள பென்ட்ரைவுகள் இன்றும் பெரும்பாலும் ஃபாட்32 ஆகவே கடைக்கு வருகின்றன.

எனக்குத் தொழில் பழக்கிய அண்ணர் மினிடிவி என்ற வீடியோ நாடாக் காலத்தவர். அந்த நாடாவிலிருந்து கணினிக்கு இறக்கினால் நொடிக்கு 3.6 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிகாபைட் அளவில் வரும். பழைய ஏவிஐ கோப்பைப் பல மென்பொருள்கள் இரண்டு ஜிகாபைட்டுக்கு மேல் படிக்காது. அதாவது ஒன்பதரை நிமிடத்துக்கு ஒரு கோப்பு. ஃபாட்32 வன்தட்டு என்றால் எப்படியும் இருபது நிமிடத்துக்குள் அறுந்துவிடும். மென்பொருள் தானாக வெட்டும் இடத்தை அண்ணர் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. நாடா ஓடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கிரியை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் பார்த்து நிறுத்தி, மறுபடி தொடங்குவார். அந்தக் காலத்தில் அது எனக்கு வீண் வேலையாகத் தெரிந்தது. டிவிடி வடிவத்தை வகுத்தவர்களும் இதே வரம்புகளோடு வாழ்ந்தவர்கள்தான்: ஒரு டிவிடியைக் கணினியில் திறந்து பார்த்தால் படம் ஒரு ஜிகாபைட்டுக்கு மேற்படாத துண்டுகளாக வரிசையாகக் கிடக்கும். பார்ப்பவருக்கு அது தெரியாது. இயந்திரம் அவற்றை ஒன்றாகவே ஓட்டிக்காட்டும்.

எங்கே வெட்டுவது

துண்டாகக் கொடுக்கலாம் என்று நான் சொன்னதும் தகப்பனார் உடனே மறுத்தார். "துண்டு துண்டாத் தராதையுங்கோ தம்பி. ரிமோட்டைப் பிடிச்சுக்கொண்டு அடுத்தது எது எண்டு தேட எனக்கு ஏலாது" என்றார். அந்த மறுப்பு நியாயமானது. வாடிக்கையாளர் 'ஒரே கோப்பு' கேட்கிறார் என்று நாங்கள் புரிந்துகொள்வது உண்மையில் அவர் கேட்பது அல்ல என்பதும் அந்த வசனத்தில்தான் இருந்தது. கோப்பு எத்தனை என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. இடையில் எழுந்து எதையும் செய்ய நேரக்கூடாது என்பதே அவர் கேட்டது. அந்தத் தொலைக்காட்சியில் சிறிய சோதனைக் கோப்புகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே ஓட்டியது. இடையில் ஓரிரு நொடி திரை கறுத்து மீண்டது. அந்த ஓரிரு நொடியைச் சடங்கிலேயே உள்ள ஓர் இடைவெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று அங்கேயே தோன்றியது.

எங்கள் கலியாணத்தில் அப்படிப்பட்ட இடைவெளி தேட வேண்டியதில்லை. கூறையை வாங்கிக்கொண்டு உடுத்திவரப் பெண் உள்ளே போகும் நேரம் இருக்கிறதே, அதைவிட நல்ல இடைவேளை எந்தப் படத்திலும் கிடையாது. மண்டபத்தில் உள்ளவர்கள்கூட அப்போதுதான் கதைக்கத் தொடங்குகிறார்கள், குளிர்பானம் பரிமாறப்படுகிறது. பொன்னுருக்கலும் மாப்பிள்ளை புறப்பாடும் ஒரு பகுதி. மணவறைக் கிரியைகள் கூறை கொடுக்கும் வரை இரண்டாவது. கூறையுடன் பெண் வருவதிலிருந்து தாலி கட்டு, அம்மி மிதித்தல், அறுகரிசி வரை மூன்றாவது. படம்பிடிப்பும் விருந்தும் கால்மாறலும் நான்காவது. பத்து மெகாபிட் வைத்தாலே ஒரு பகுதிக்கு 57 நிமிடம் கிடைக்கிறது. அத்துடன், நான் முதலில் எதிர்பாராத ஒரு லாபம் இருந்தது. மூன்றாவது பகுதி நாற்பது நிமிடம்தான் என்பதால் அதற்கு மட்டும் 13 மெகாபிட் கொடுக்க முடிந்தது. ஒரே கோப்பாக இருந்தபோது 2.5 மெகாபிட் சராசரியிலிருந்து கெஞ்சி வாங்க வேண்டியிருந்த தாலி கட்டு, தனக்கென ஒரு நான்கு ஜிகாபைட்டைப் பெற்றுவிட்டது. பென்ட்ரைவில் அவ்வளவு இடம் முன்பும் சும்மாதான் கிடந்தது.

நடைமுறையில் சில சின்ன விடயங்களைக் கவனிக்க வேண்டும். கேட்ட பிட்ரேட்டை மென்பொருள் சற்றுத் தாண்டும். ஆகவே வரம்பின் விளிம்பு வரை போகாமல் நான் 3.9 பில்லியன் பைட்டுக்குள் நிற்கிறேன். கோப்புப் பெயர்களை 1, 2 என்று தொடங்காமல் 01, 02 என்று தொடங்குகிறேன். இல்லையென்றால் பத்தாவது பகுதி உள்ள திருவிழா வீடியோவில் ஒன்றுக்குப் பின் பத்து ஓடும். சில மலிவான பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை, எது முதலில் பென்ட்ரைவில் எழுதப்பட்டதோ அதையே முதலில் ஓட்டும் என்பதால், எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்து இழுத்துப் போடாமல் ஒவ்வொன்றாக வரிசையில் நகலெடுக்கிறேன். ஒவ்வொரு பகுதியையும் மெல்ல இருளில் முடித்து இருளிலிருந்து தொடங்குகிறேன். தொலைக்காட்சி அடுத்த கோப்பைத் திறக்கும் தாமதம் அந்த இருளோடு கலந்துவிடுகிறது.

நாதஸ்வரம் காட்டிக்கொடுக்கும்

பென்ட்ரைவுக்குத் துண்டுகள் போதும். ஆனால் எங்களிடம் வைத்துக்கொள்ளவும், யூடியூப்பில் ஏற்றவும் முழுக் கோப்பு ஒன்று வேண்டும். அங்கே வரம்பு 256 ஜிபி அல்லது 12 மணி நேரம். எந்தக் கலியாணத்துக்கும் போதும். ஒரே மாதிரி அமைப்பில் ரெண்டர் செய்த துண்டுகளை எஃப்எஃப்எம்பெக் மென்பொருளால், மறுபடி குறியாக்கம் செய்யாமல், அப்படியே நகலெடுத்துத் தொடுக்கலாம். படத்தின் அளவு, ஃப்ரேம் வேகம், கோடெக் அமைப்பு ஆகியவை ஒத்திருந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். படத்தின் தரத்தில் ஒரு துளியும் குறையாது. தொல்லை தருவது ஒலி. ஒலியைச் சுருக்கும் ஏஏசி முறை அதை 1024 மாதிரிகள் (ஒலியை அடுத்தடுத்து அளந்த அளவுகள்) கொண்ட கட்டுகளாகவே எழுதுகிறது. நொடிக்கு 48,000 மாதிரி வேகத்தில் ஒரு கட்டு என்பது ஏறக்குறைய 21 மில்லிநொடி. படத்தின் துண்டு எங்கே முடிகிறதோ அங்கே ஒலிக்கட்டும் சரியாக முடிவதில்லை. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் குறியாக்கி தன் பங்குக்குச் சிறிது வெற்றிடம் சேர்க்கிறது. பேச்சுக்கு நடுவே இது கேட்காது. நாதஸ்வரத்துக்குக் கீழே சுருதி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, தொடுப்பு விழும் இடத்தில் சின்னதாக ஒரு விக்கல் கேட்கும். துண்டுகள் கூடினால் உதட்டசைவும் ஒலியும் விலகத் தொடங்கும்.

ஆகவே முழுப் பிரதிக்கு, படத்தை மட்டும் துண்டுகளாக ரெண்டர் செய்துவிட்டு, முழு ஒலியையும் ஒரே ஓட்டமாகத் தனி வேவ் கோப்பில் எடுத்து, படம் தொடுக்கப்பட்ட பின் மேலே சேர்க்கிறேன். இங்கேயும் அதே 32 பிட் எண் காத்திருக்கிறது. வேவ் கோப்பின் தலைப்பகுதியிலும் அளவை எழுத அவ்வளவு இடமே உண்டு. 32 பிட் ஃபுளோட்டில் ஸ்டீரியோ ஒலி நொடிக்கு 3,84,000 பைட். மூன்று மணி ஆறு நிமிடத்தில் நான்கு ஜிகாபைட் நிறைந்துவிடும், எங்கள் மூன்றரை மணிக் கலியாணம் அதில் அடங்காது. 24 பிட்டில் எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை போகலாம். கலியாணத்துக்கு அது தாராளம். கூடுதலாக வேண்டுமென்றால் ஆர்எஃப்64 என்ற விரிந்த வடிவம் இருக்கிறது. ஆனால் எல்லா மென்பொருளும் அதை வரவேற்பதில்லை.

மின்சாரம் போகும் ஊரில்

துண்டாக ரெண்டர் செய்வதை நான் விடாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு காரணம் உண்டு. எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, வழக்கமாகப் படம் முழுவதும் எழுதப்பட்ட பிறகு கடைசியிலேயே எழுதப்படுகிறது. மூன்றரை மணி நேர வேலையில் மூன்று மணி இருபது நிமிடம் முடிந்த நிலையில் மின்சாரம் போனால், வன்தட்டில் பல ஜிகாபைட் கிடந்தாலும் எந்தப் பிளேயராலும் அதைத் திறக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை இலங்கையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யூபிஎஸ் கணினியைப் பத்திரமாக அணைக்கத்தான் நேரம் தரும், ரெண்டரை முடிக்க அல்ல. அப்போது இங்கே தொகுப்பு வேலை செய்தவர்கள் எல்லோரும் பதினைந்து நிமிடத் துண்டுகளுக்கு வந்துவிட்டோம். அல்லது நடுவில் அறுந்தாலும் அறுந்த இடம் வரை ஓடக்கூடிய எம்கேவி வடிவத்தில் எழுதினோம். மின்வெட்டு நீங்கியதும் பலர் பழையபடி ஒரே நீள ரெண்டருக்குத் திரும்பிவிட்டார்கள். மாமாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று தொலைபேசி வந்தால் முழுவதையும் மறுபடி ஓட்டுகிறார்கள். நான் அந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் ஓட்டுகிறேன்.

இந்த ஏற்பாடு தாங்காத இடமும் உண்டு. நவராத்திரி நிறைவில் எங்கள் ஊரில் கும்பங்கள் வீதிவலம் வரும் இரவைப் படம்பிடித்தவர்களுக்குத் தெரியும், அதில் இடைவேளை என்று ஒன்று இல்லை. பறையும் உடுக்கும் நிற்பதில்லை, ஆட்டம் நிற்பதில்லை, தெருவிளக்கும் தீப்பந்தமும் புகையும் கலந்த அந்த வெளிச்சத்தில் கோடெக் இளைப்பாற ஒரு நொடியும் கிடையாது. இப்போது அதை 4கேயில் கேட்கிறார்கள். 40 மெகாபிட்டில் எழுதினால் நான்கு ஜிகாபைட் பதினான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பதினான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எங்கே வெட்டினாலும் ஆடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரின் கும்பத்தை நடுவில் அறுத்ததாகவே முடியும். ஃபாட்32 வடிவில் உள்ள நினைவட்டையில் படம்பிடித்த கேமராவும் அதே வரம்பில் கோப்பை ஏற்கெனவே துண்டாக்கித்தான் வைத்திருக்கும். ஆனால் அவை தொகுப்பில் இழையோடச் சேர்ந்துவிடும், பார்ப்பவரிடம் போகாது. முடிந்த படத்தைத் துண்டாகக் கொடுப்பது வேறு. இதற்கு மட்டும் எக்ஸ்ஃபாட்டைத் தவிர வழியில்லை என்று முடிவு செய்து, வேலை ஒப்புக்கொள்ளும்போதே சோதனைப் பென்ட்ரைவ் ஒன்றை அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் செருகிப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன். படிக்கவில்லை என்றால், எக்ஸ்ஃபாட் படிக்கும் சிறிய பிளேயர் ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி சொல்கிறேன். அதன் விலையை என் கட்டணத்தில் கழித்துக்கொள்ளவும் ஆயத்தமாக இருக்கிறேன். சிலர் அதற்கும் சம்மதிக்காமல், ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பக் கூடியதாக இரண்டு ஜிபிக்குள் அடக்கிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். அவர்களுக்குக் கும்பம் வீட்டு வாசலுக்கு வந்த பத்து நிமிடத்தை மட்டும் தனியாக வெட்டி, கொடுக்கக்கூடிய முழுப் பிட்ரேட்டுடன் கொடுக்கிறேன்.